மழையில் நனையாத மண்

எங்கள் லாரிப் பட்டறையின் பின்புறத்தில் மழை பெய்தால் மண் நனைவதில்லை. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு மாலையில், சேம்பிலையின்மேல் நீர் உருள்வதைப் போல அந்தக் கருத்த மண்ணின்மேல் தண்ணீர் உருண்டு ஓடுவதை நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். மழை விட்டதும் ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். அரை அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்து பொடியாக இருந்தது. பத்தடி தள்ளி வேலியோரத்தில் இருந்த செம்மண்ணோ அதே மழையில் குழைந்து சேறாகக் கிடந்தது.

சேலத்திலிருந்து சங்ககிரிக்குப் போகும் சாலையில் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் லாரிப் பட்டறை நடத்தினார். சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரியை நம்பி வாழும் ஊர்கள் என்பதால் எங்களுக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. ஒரு வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றினால் பத்து, பதினைந்து லிட்டர் பழைய ஆயில் இறங்கும். அதில் பெரும்பகுதி பீப்பாயில் சேரும். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் மரச்சட்டத்தில் கரையான் ஏறாமல் தடுக்கவும் ஆட்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். பீப்பாயில் சேராததுதான் மண்ணுக்குப் போனது. ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தியது, கியர் பாக்ஸிலும் பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியான கிரௌனிலும் இருந்து வடிந்தது, உதிரிபாகங்களைக் கழுவிய டீசல், கை துடைத்து எறிந்த பனியன் வேஸ்ட் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அது சேர்ந்தது. நான் கேட்டபோது அப்பா எதையும் மறைக்கவில்லை. "அன்னிக்கு யாரு கண்ணு இதெல்லாம் நெனச்சா? புழுதி அடங்கட்டும்னு நாங்களே வாசல்ல ஊத்தியிருக்கோம்" என்றார். அவருடைய விரல் இடுக்குகளில் இன்றும் போகாத கருப்பு இருக்கிறது. சுத்திகரிக்கப்படாத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. எஞ்சினில் வெந்து கருத்த ஆயிலைத் தினமும் கையில் அப்பி, டீசலால் கழுவி, பிறகு துணி சோப்பால் தேய்த்துதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

முழங்கால் வலி அதிகமாகி அப்பா பட்டறையை மூடிய பிறகு, பின்புறத்தில் ஒரு முருங்கை வைக்கலாம் என்று அம்மா சொன்னார். நட்ட போத்து ஒரு மாதத்தில் கருகியது. மறுபடி நட்டதும் கருகியது. அப்போது உறவினர்கள் எல்லாரும் சொன்ன தீர்வு ஒன்றுதான்: நாலு லோடு கிராவல் அடித்து மூடிவிடுங்கள். சேலத்தைச் சுற்றி எந்தத் தரைக்கும் இதைத்தான் செய்கிறோம். நான் அதற்கு இசையாததற்குக் காரணம் எங்கள் கிணறு. இந்த வட்டாரத்தில் சில அடி மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறையும், அதற்குக் கீழே விரிசல் விட்ட கடும்பாறையும் இருக்கின்றன. தண்ணீர் அந்த விரிசல் வழியாகத்தான் நடக்கிறது. எண்ணெய் ஒரு விரிசலைப் பிடித்துவிட்டால் அதை மேலிருந்து எடுக்க வழி கிடையாது. கிராவல் போட்டு மூடினால் கண்ணுக்கு மறையுமே தவிர, எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். காற்றுப் படாமல் போவதால் அது சிதைவதும் மிகவும் குறைந்துபோகும்.

நான் படித்தது நுண்ணுயிரியல். வேலை பார்ப்பது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் ஆய்வகத்தில். மாவின் வெண்மையையும் ஈரப்பதத்தையும் அளப்பதே அன்றாட வேலை. படித்த படிப்பை எங்கள் வீட்டு மண்ணுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றியது அந்த மழை நாளுக்குப் பிறகுதான்.

முதலில் ஒரு குழி தோண்டினோம். மேலே நான்கு அங்குலம் தார் போல இறுகிய கருப்பு. அதன் கீழே ஒன்றரை அடி வரை பழுப்பு கலந்த மண், நுகர்ந்தால் டீசல் வாடை. அதற்கும் கீழே செம்மண். இந்த அடுக்குகளே எண்ணெயின் கதையைச் சொல்லிவிடும். டீசலில் இருக்கும் கரிமச் சங்கிலிகள் குட்டையானவை. அவை ஓரளவு ஆவியாகும், கீழே எளிதில் இறங்கும், நுண்ணுயிரிகளுக்கும் எளிதில் இரையாகும். எஞ்சின் ஆயிலின் மூலக்கூறுகள் பெரியவை, கிளைவிட்டவை, வளையமானவை. அவை நகர்வதும் சிதைவதும் மெதுவாகவே நடக்கும். எஞ்சினுக்குள் வெந்து வந்த பழைய ஆயிலில் இவற்றோடு பென்சீன் போன்ற வளையங்கள் பல ஒட்டிய அரோமாட்டிக் சேர்மங்களும், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த துத்தநாகமும், தேய்ந்த உலோகத் துகள்களும் இருக்கும். வெயிலில் காய்ந்து இறுகிய தார்ப் பகுதியை எந்த நுண்ணுயிரியும் விரும்பித் தொடுவதில்லை.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று சொன்னால் அது ஏதோ ஆய்வகத்தில் பிறந்த அதிசயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, எண்ணெயில் உள்ள வெவ்வேறு ஹைட்ரோகார்பன்களை (கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களை) சிதைக்கும் திறன் தரும் பிளாஸ்மிடுகளை, அதாவது சிறு டிஎன்ஏ வளையங்களை, ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. உயிருள்ள ஒன்றை மனிதனின் கண்டுபிடிப்பாக ஏற்ற தீர்ப்பு என்று சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த பாக்டீரியா எந்தக் கடலிலும் எந்த வயலிலும் எண்ணெயைச் சுத்தம் செய்ய விடப்படவே இல்லை.

நடைமுறையில் உலகம் கற்றுக்கொண்டது வேறு. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி ஏறத்தாழ நான்கு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கரையின் சில பகுதிகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த உரத்தைத் தெளித்தார்கள். புதிய பாக்டீரியா எதையும் கொண்டுவராமலே, உரம் பட்ட கற்கள் மற்றவற்றைவிட விரைவாகத் தெளிந்தன. எண்ணெய் தின்னும் உயிர்கள் அங்கே முன்பே இருந்தன. அவற்றுக்குச் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். மண்ணிலும் இதே நிலைதான். எண்ணெய் படாத மண்ணில் ஹைட்ரோகார்பனைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். எண்ணெய் பட்டு நாளான மண்ணில் அவற்றின் பங்கு பல மடங்கு கூடிவிடும். இந்தியாவிலும் டெரி என்ற எரிசக்தி, வள ஆய்வு நிறுவனம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு உருவாக்கிய ஆயில்ஸாப்பர், எண்ணெய் மாசுபட்ட இடங்களிலிருந்து பிரித்தெடுத்த இயற்கை பாக்டீரியாக்களை மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றிய கலவைதான். சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடுக்கு அது பெரிய அளவில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் வாங்கிய பொடியைத் தூவிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும் என்று என்னிடம் ஒரு மூட்டையை விற்க வந்தவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். காற்றும் ஈரமும் இல்லாத அந்த இறுகிய மண்ணில் எந்த உயிரைக் கொண்டுவந்து விட்டாலும் அது பட்டினியில்தான் சாகும்.

இங்கேதான் மழையில் நனையாத மண் என்ற பிரச்சினைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பாக்டீரியா வாழ்வது நீரில். அதன் உணவோ நீரில் கரையாத எண்ணெய். மண் துகளைச் சுற்றி எண்ணெய் படலமாக ஒட்டிக்கொண்டு நீரைத் தள்ளிவிடுவதால், உண்பவனும் உணவும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்க முடியாத நிலை. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் பொருளைத்தான் வேதியியலில் சர்பாக்டன்ட் என்கிறோம். அதன் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. நீரைத் துளியாகத் திரட்டிப் பிடிக்கும் பரப்பு இழுவிசையை அது குறைக்கும். ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துச் சிறு உருண்டைகளாகக் கூடி, மிசெல் என்ற அமைப்பாகி, எண்ணெயை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும்போது நடப்பது இதுவே.

பாக்டீரியாக்கள் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துக்கொண்டன என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா ராம்னோலிப்பிட் என்ற சோப்பைச் சுரக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சர்பாக்டினை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1968இல் விவரித்தார்கள். ஒரு லிட்டரில் சில பத்து மில்லிகிராம் இருந்தாலே நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 27 அளவுக்கு அது இறக்கிவிடும். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு: பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மரவள்ளி மாவுத் தொழிலின் கழிவுநீரிலேயே இந்தப் பாக்டீரியாவை வளர்த்து சர்பாக்டின் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் சேகோ ஆலைகளில் கிழங்கு கழுவி, அரைத்து, பால் தெளிந்த பிறகு வெளியேறும் தண்ணீர் அதற்கு மிக நெருக்கமான ஒன்று. பல்லாண்டுகளாக நாற்றத்துக்காகவே பேர் வாங்கிய அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. ஆய்வகச் சீசாவில் நடந்ததைத் தொழிலாக்குவதற்கு நுரையை அடக்குவதும், சுரப்பைப் பிரிப்பதும், செலவைக் குறைப்பதும் பெரிய தடைகள். ஆயினும் மூலப்பொருள் நம் ஊரில்தான் இருக்கிறது.

சோப்பு என்றதும் கடைச் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றலாம் என்று கை பரபரக்கும். அதைச் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டாரி கேன்யன் கப்பல் உடைந்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது, ஏறத்தாழ பத்தாயிரம் டன் சலவைப் பொருளை அதன்மேல் தெளித்தார்கள். அன்றைய சலவைப் பொருள்களும் அவற்றைக் கரைத்திருந்த கரைப்பானும் கடற்கரை உயிர்களுக்கு எண்ணெயைவிடக் கொடிய நஞ்சாக அமைந்தன. தெளிக்காமல் விட்ட கரைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறின. தாராளமாகத் தெளித்த கரைகள் தேறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மண்ணில் இதற்கு மேலும் ஓர் ஆபத்து இருக்கிறது. துகளோடு ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் கிடந்த எண்ணெயை சர்பாக்டன்ட் விடுவித்துவிட்டால், அது நீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கிணற்றைக் காப்பாற்ற நினைத்து, கிணற்றுக்கே எண்ணெயை வழியனுப்பிவைத்ததாக ஆகிவிடும். ஆகவே தரையிலேயே வைத்துக்கொண்டு எதையும் ஊற்றுவதில்லை, மண்ணை வெட்டி எடுத்துத் தார்ப்பாய் விரித்த பாத்தியில் வைத்துத்தான் வேலை செய்வது என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

எந்த சர்பாக்டன்டைப் பயன்படுத்துவது என்பதற்கு விடை சேலத்தின் வெள்ளி வேலைப் பகுதியான செவ்வாப்பேட்டையில் கிடைத்தது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் மெருகு ஏற்றும்போது பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் கொலுசைத் தேய்ப்பார்கள் என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அத்தையின் வீட்டில் அந்தத் தண்ணீரின் வாடை எப்போதும் இருக்கும். பூந்திக்கொட்டையின் சதைத் தோலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு சபோனின் உண்டு. அது நீரில் மின்னேற்றம் பெறாத, அயனியற்ற வகையைச் சேர்ந்த இயற்கை சர்பாக்டன்ட். மாசுபட்ட மண்ணிலிருந்து ஹெக்சாகுளோரோபென்சீன் போன்ற, எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கழுவ இதையே அமெரிக்காவின் லூசியானாவில் 1990களில் சோதித்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மண்ணிலேயே சிதைந்துவிடும் என்பது இதன் பெரிய நன்மை. அதே நேரம் இது மீன்களுக்கு நஞ்சு. குட்டையிலும் ஓடையிலும் இந்தத் தண்ணீர் கலக்கக்கூடாது. இயற்கைப் பொருள் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடுவதில்லை.

மூன்று ஊறுகாய் ஜாடிகளில் ஒரே அளவு கருப்பு மண்ணைப் போட்டேன். முதல் ஜாடியில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் துணி சோப்புத்தூள் கரைசல், மூன்றாவதில் பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீர். குலுக்கி வைத்து மறுநாள் பார்த்தபோது, வெறும் தண்ணீர் தெளிவாக இருந்தது, மண் கட்டியாகவே கிடந்தது. சோப்புத்தூள் ஜாடியில் தண்ணீர் கருங்காபி போல ஆகியிருந்தது. பூந்திக்கொட்டை ஜாடியில் அந்த அளவு கருப்பு இறங்கவில்லை. ஆனால் மண் கட்டிகள் உடைந்து, துகள்கள் நனைந்து அடியில் படிந்திருந்தன. எனக்கு வேண்டியது அதுதான். எண்ணெயை முழுதாகக் கழுவி வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது என் நோக்கமில்லை. மண் நனைந்தால் போதும், மீதியை நுண்ணுயிரிகள் பார்த்துக்கொள்ளும்.

மண்ணில் எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 30 செ.மீ. உயரத்துக்கு மண் இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 420 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் எட்டரை கிலோ எண்ணெய். ஒரு கிலோ எண்ணெயைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஆக, அந்த ஒரு சதுர மீட்டருக்கு மட்டும் குறைந்தது இருபத்தைந்து கிலோ ஆக்சிஜன்; அவ்வளவு ஆக்சிஜன் ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்றில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று அறைகள் நிறையக் காற்றை அந்த மண்ணுக்குள் அனுப்பியாக வேண்டும் என்று பொருள். மண்வெட்டியால் திரும்பத் திரும்பக் கிளறுவதை நான் ஏன் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன் என்பது இதிலிருந்து விளங்கும். உரத்துக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை 100:10:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதன்படி அந்த ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ யூரியாவும் ஒரு கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் ஆகும். அதை ஒரே நாளில் போட்டால் அம்மோனியா கிளம்பி உயிர்களைக் கொன்றுவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று பல தவணைகளாகப் பிரித்தோம்.

முதல் பாத்தி பத்துக்குப் பத்து அடி. தார்ப்பாயின்மேல், சற்றுச் சரிவாக, ஒரு மூலையில் வடிநீர் சேர ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு அமைத்தோம். தார் போல் இறுகிய மேல் அடுக்கைத் தனியே பொறுக்கி மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மீதி மண்ணை உடைத்துப் பரப்பினோம். நாட்டு மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினோம். அதைவிட முக்கியமாக நான் கருதியது வேறொரு மண். எண்ணெய் பட்ட இடத்தின் விளிம்பில், கருப்பும் சிவப்பும் சந்திக்கும் கோட்டில், அருகம்புல் தைரியமாகத் தலைநீட்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த எண்ணெயோடு வாழப் பழகிய நுண்ணுயிரிகள் அந்தப் புல்லின் வேரடியில் இருக்கும் என்பது என் கணிப்பு. அங்கிருந்து நான்கு கூடை மண் எடுத்துப் பாத்தியில் கலந்தோம். அதன்பின் பூந்திக்கொட்டை நீரைப் பூவாளியில் தெளித்தோம்.

அங்கே ஒரு தவறும் செய்தேன். ஆலையில் மலிவாகக் கிடைக்கும் திப்பியை, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச்சக்கையை, மண்ணைப் பொலபொலப்பாக்கும் என்று நம்பி ஐந்து மூட்டை கொட்டினேன். ஒரு வாரத்தில் பாத்தி சூடேறியது, வெண்பூஞ்சை படர்ந்தது, நானும் மகிழ்ந்துபோனேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் வாடை அப்படியே இருந்தது. திப்பியில் மாவுச்சத்து இன்னும் நிறைய உண்டு. எளிதாகச் செரிக்கும் மாவைக் கையில் கொடுத்துவிட்டு, கடினமான எண்ணெயைத் தின்னச் சொன்னால் எந்த உயிரும் மாவைத்தான் தின்னும். அதோடு நான் போட்ட நைட்ரஜனையும் மாவைத் தின்ற கூட்டமே தீர்த்துவிட்டது. சேகோ ஆலையில் வேலை செய்யும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். அடுத்து வந்த தொடர்மழையில் தார்ப்பாய்ப் பாத்தி குளமாகி, காற்றில்லாமல் அழுகிய முட்டை வாடை கிளம்பியது. அக்கம்பக்கத்தார் கேட்கும் நிலை வந்தபோது அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பழைய தகரங்களைக் கொண்டு ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்.

தை மாதத்தில் மறுபடி தொடங்கினோம். திப்பிக்குப் பதிலாக நிலக்கடலை ஓடு. அது மெதுவாக மக்கும், மண்ணுக்கிடையில் காற்றுக்கு வழிவிடும். வாரம் இரண்டு முறை கிளறுவது, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் அளவுக்கு ஈரம் வைப்பது, மூலைத் தொட்டியில் சேரும் நுரைத்த பழுப்பு நீரை வெளியே விடாமல் பாத்தியின் மேலேயே திரும்ப ஊற்றுவது, இவையே வேலை. பூந்திக்கொட்டை நீரை முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறைக்கு மேல் தெளிக்கவில்லை. மண் தானாக நனையத் தொடங்கியபின் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அதற்குமேல் ஊற்றியிருந்தால் சபோனினையே தின்று நுண்ணுயிரிகள் பொழுதைக் கழித்திருக்கும். சித்திரை வெயிலில் சேலம் காய்ந்தபோது ஈரத்தைக் காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்திவைத்தோம்.

நடப்பதை அளக்க எங்களிடம் இருந்த கருவி ஒரு சொட்டுத் தண்ணீர். காய்ந்த மண்ணின்மேல் ஒரு துளியை விட்டு, அது உள்ளே போக எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது மண்ணியலார் ஏற்றுக்கொண்ட சோதனைதான். ஐந்து விநாடிக்கு மேல் நின்றால் அந்த மண் நீரை வெறுக்கிறது என்று கொள்வார்கள். தொடக்கத்தில் எங்கள் மண்ணில் விட்ட துளி உள்ளே இறங்கவே இல்லை, வெயிலில் வற்றித்தான் போனது. மாசி கடைசியில் இரண்டு நிமிடம். ஆனியில் இருபது விநாடி. ஆவணியில் நான்கு. அந்த ஆவணியில்தான் தட்டைப்பயறு விதைத்துப் பார்த்தோம். தொடக்கத்தில் இதே மண்ணில் தொட்டியில் போட்ட இருபது விதைகளில் இரண்டு முளைத்து, அவையும் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. இந்த முறை பதினேழு முளைத்தன. வேலியோரத்துச் செம்மண்ணில் முளைத்தவற்றைவிட அவை குட்டையாகத்தான் இருந்தன, ஆனால் பச்சையாக நின்றன. அம்மா அவற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார்.

அந்தப் பயற்றை நாங்கள் பறிக்கவில்லை, பறிக்கப்போவதும் இல்லை. துளிச் சோதனையும் முளைப்பும் சொல்வது எண்ணெயின் எளிய பகுதி போய்விட்டது என்பதை மட்டுமே. பெரிய வளையங்களைக் கொண்ட சேர்மங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதை ஆய்வகத்தில் கரைப்பான் கொண்டு பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதைவிட, துத்தநாகமும் மற்ற உலோகங்களும் எந்த நுண்ணுயிரியாலும் சிதையாதவை. பாக்டீரியா கரிமத்தை எரிக்கலாம், உலோகத்தை எரிக்க முடியாது. ஆகவே அந்த இடத்தில் கீரையும் காயும் இல்லை என்று முடிவாகிவிட்டது. அம்மாவின் முருங்கை வாசல் பக்கத்துக்கு மாறியது. பின்புறத்தில் வெட்டிவேரும் அருகம்புல்லும் வைத்திருக்கிறோம். புல்லின் மெல்லிய வேர்கள் ஆழத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும், வேரடியில் நுண்ணுயிரிகள் செழிக்கும். கிணற்று நீரைக் குடிப்பதையும் சமையலுக்கு எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். பொறுக்கி வைத்த தார் மூட்டைகள் அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி எண்ணெய் கலந்த கசடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. குப்பை வண்டியில் போட மனம் வராமல், முறையாகக் கொடுக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் தரவேண்டும் என்று சொல்வதும் அதே விதிகள்தான். நன்றாக மறுசுத்திகரித்தால் அது மீண்டும் மசகெண்ணெயாகிவிடும் என்பதால், மண்ணில் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் பொருளாகவும் இழப்புதான்.

எங்கள் சாலையிலேயே இன்னும் நான்கு பட்டறைகள் இயங்குகின்றன. அங்கே அப்பாவிடம் தொழில் பழகியவர்கள் இருக்கிறார்கள். நான் போய்ச் சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். ஆகவே அப்பாவை அழைத்துப் போனேன். அவர் விதியையும் வேதியியலையும் பேசவில்லை. "மண்ணு கெட்டா முருங்கைப் போத்து கூடப் புடிக்கலப்பா, நான் பாத்துட்டேன்" என்றார். இரண்டு பட்டறைகளில் இப்போது வண்டிக்குக் கீழே பழைய தகரத் தட்டு வைத்து வடிக்கிறார்கள். தரையில் சிந்தினால் மரத்தூளைப் போட்டு அள்ளித் தனிப் பீப்பாயில் சேர்க்கிறார்கள். இன்னொரு இடத்தில் சர்வீஸ் குழியின் அடியில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நான்காவது பட்டறைக்காரர் வாடகை இடம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது பாத்தியை இந்த ஆண்டு புரட்டாசியில் போட்டோம். இது குழியின் அடியிலிருந்து எடுத்த, டீசல் அதிகம் ஊறிய மண் என்பதால் முதல் பாத்தியைவிட விரைவாகத் தேறும் என்று எதிர்பார்க்கிறேன். அப்பா காலையில் காபி குடித்ததும் பழைய கைக்கடிகாரத்தோடு போய்ப் பாத்தியின் ஐந்து இடங்களில் துளி விட்டு, விநாடியை எண்ணி, முன்பு வண்டிக் கணக்கு எழுதிய நோட்டில் குறித்துவைக்கிறார். நேற்றைய குறிப்பில் நான்கு இடங்களில் நாற்பது விநாடிக்குள் இருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் இன்னும் இறங்கவில்லை என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டிருந்தார்.